பிள்ளை குளிப்பாட்டும் கால்கள்

பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் போய்த் திரும்புகிற கடைசித் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில், ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைப்பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து இறங்கியவர்கள் முதலில் தேடுவது ராக்காயியைத்தான். அவள் மருத்துவிச்சி அல்ல, கொழுந்து பறிக்கிறவள். ஆனால் கையளவு உடம்பும் நிற்காத தலையுமாகப் பிள்ளையை வைத்துக்கொண்டு, இதை எப்படிக் குளிப்பாட்டுவதென்று தாய்க்காரி முழிக்கிற நேரத்தில் அந்த வரிசை வீட்டு லயத்தில் யாரைக் கேட்டாலும் அவள் பெயரைத்தான் சொல்வார்கள்.

பலகையைப் போட்டு உட்காருவாள். பாவாடையை முழங்காலுக்கு மேலே ஏற்றிக்கொண்டு இரண்டு கால்களையும் நீட்டுவாள். பாதங்களுக்கிடையில் பிள்ளையின் தலையை அணைத்து, முதுகைக் கால்களின் மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீரைக் கையால் அளந்து அளந்து ஊற்றுவாள். எவ்வளவு அழுகிற பிள்ளையும் அந்தச் சூட்டில் அடங்கிவிடும். பிள்ளை நடுங்கினாலும் முக்கினாலும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் என் காலுக்குத் தெரிந்துவிடும் என்பாள். அது பெருமைப் பேச்சு இல்லை, உண்மை. இன்றைக்கு அந்தத் தோட்டத்தில் ஆட்டோ ஓட்டிக்கொண்டு பெரிய மனுஷனாகத் திரிகிற திலக்ஷனும் அவள் காலில் மூத்திரம் பெய்தவன்தான். வண்டியை நிறுத்தாமல் போனால் அதைப் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொல்லிக் காட்டுவாள்.

அவளுக்கென்று பிள்ளை இல்லை. கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன புருஷன் ஒரு தீபாவளிக்கு வந்தான், மறு தீபாவளிக்கு வரவில்லை, அதோடு சரி. ஆனால் தங்கச்சி மகள் சுலக்ஷனா இருந்தாள். மலையில் குளவி கொட்டித் தங்கச்சி செத்தபோது சுலக்ஷனாவுக்கு நாற்பது நாள். தகப்பன் வேறு கல்யாணம் செய்துகொண்டு உடப்புசல்லாவைப் பக்கம் போய்விட்டான். ராக்காயிதான் வளர்த்தாள். மற்றப் பிள்ளைகளை ஒரு மாதம், இரண்டு மாதம் காலில் போட்டாள் என்றால், சுலக்ஷனாவை அவள் கால் கொள்ளாமல் வளரும் வரைக்கும் போட்டாள். எட்டு மாதப் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினால் யாராவது சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தார்கள். அவள் கேட்கவில்லை.

அந்தக் கால்களில்தான் வந்தது. ஒரு மழைக்காலம் முடிகிற சமயம், இடது முழங்காலுக்குக் கீழே பொட்டளவு சிவப்பு. கொசுக்கடி என்று நினைத்தாள். ஒரு மாதத்தில் உள்ளங்கை அளவு படர்ந்து தடித்துவிட்டது. மேலே வெள்ளையாகச் செதில் கட்டியது. பாயை உதறினால் தவிட்டுப் பொடி போலக் கொட்டியது. பிறகு வலது காலிலும் வந்தது. வறண்டு வெடித்து, நடக்கும்போது இழுத்தது.

அட்டை கடித்த விஷம் என்று முடிவு கட்டினாள். மலைக்குப் போகிற பெண்கள் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு முன்னால் கெட்டிச் சவர்க்காரத்தை நனைத்து முழங்கால் வரைக்கும் அழுத்தித் தேய்த்து, கழுவாமல் அப்படியே காயவிடுவார்கள். சவர்க்காரம் காய்ந்த காலில் அட்டை ஏறாது. மாலை வரைக்கும் அது காலிலேயே கிடக்கும். அதன் மேல் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு ஈரத்தோடு நாள் முழுக்க உரசும். இருபத்தெட்டு வருஷமாக ராக்காயி செய்து வந்த காரியம் அது. இப்போது அட்டை விஷம் ஏறிவிட்டது என்று பயந்து, ஒரு தடவை தேய்த்ததை இரண்டு தடவை தேய்த்தாள். அரிப்பெடுத்த இரவுகளில் அடுப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டிக் காய்ச்சினாள். எதெல்லாம் தோலைக் காயப்போடுமோ அதையெல்லாம் வைத்தியம் என்று ஒன்று விடாமல் செய்தாள். பாவம், அவளுக்கு யார் சொன்னார்கள்?

இதற்கிடையில் அடுத்த லயத்தில் ஒரு பிள்ளை பிறந்தது. வழக்கம்போல அவள்தான் குளிப்பாட்டினாள். பத்தாம் நாள் பிள்ளைக்குக் கையிலும் காலிலும் மெல்லத் தோல் உரிந்தது. பச்சைப்பிள்ளைக்குத் தோல் உரிவது உலக வழக்கம். அதுவரை அவள் குளிப்பாட்டிய அத்தனை பிள்ளைக்கும் உரிந்ததுதான். ஆனால் அப்போதெல்லாம் யாரும் அவள் காலைப் பார்க்கவில்லை, இந்தத் தடவை பார்த்துவிட்டார்கள்.

ஒருவரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அந்த லயத்து மரியாதை. அடுத்த பிள்ளை பிறந்தபோது கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அதற்கடுத்த பிள்ளைக்கும் கூப்பிடவில்லை. அவள் குழாய்த் தண்ணீர் விழுகிற பீலியில் குளிக்கப் போனால் முன்னால் நின்றவர்கள், "நீங்க குளிங்கக்கா, நாங்க மெதுவா குளிக்கிறோம்" என்று ஒதுங்கினார்கள். குஷ்டம் என்ற சொல்லை யாரோ யாரிடமோ சொல்லி, அது சுற்றிச் சுற்றி அவள் காம்பரா வாசல் வரைக்கும் வந்து நின்றது. ராக்காயி பாவாடையைக் கணுக்கால் வரைக்கும் இறக்கிக் கட்டத் தொடங்கினாள். விடிவதற்கு முன்னால் குளிக்கத் தொடங்கினாள்.

அப்படி இருக்கும்போதுதான் சுலக்ஷனாவின் போன் வந்தது. அவள் அப்போது கட்டுநாயக்கவில் தையல் வேலை. லிந்துலைப் பையன் நிரோஷனைக் கட்டியிருந்தாள்.

"பெரியம்மா, மூணு மாசம்."

ராக்காயிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அழுதுவிட்டாள்.

"அழுவாதீங்க. ஏழாம் மாசம் அங்கதான் வந்திருவேன். ஆமா, காலுல என்னமோன்னீங்களே, அது எப்பிடி இருக்கு?"

"இருக்கும்மா. அப்பிடியேதான்."

"நான் வாறதுக்குள்ள காட்டிச் சுகமாக்கிருங்க. ஒங்க காலுலதானே புள்ளயக் குளிப்பாட்டணும்."

அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. பிள்ளை வருவதற்குள் கால் சுகமாக வேண்டும். சாமியிடம் கேட்டதும் அதைத்தான், மருந்து வாங்கும்போது நினைத்துக்கொண்டதும் அதைத்தான். ஊர் கூப்பிடாவிட்டால் போகட்டும், தன் பிள்ளை கூப்பிட்டுவிட்டாள்.

தோட்டத்து மருந்துச்சாலைக்குப் போனாள். போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தாள். அந்தத் தோட்டத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். டாக்டரய்யா முன்னால் அழுக்குக் காலோடு போய் நிற்கக்கூடாதென்று, முதல் நாள் மாலை வெந்நீரில் காலை ஊறவைத்து, தேங்காய்த் தும்பால் தேய் தேயென்று தேய்த்து, ஒரு செதில் விடாமல் உரித்து எடுத்தாள். ரத்தம் கசிந்தது. அதன் மேல் மஞ்சளை அரைத்துப் பூசினாள். மறுநாள் இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள்.

மருந்துச்சாலைக்காரர் பார்த்தது சிவந்து புண்ணாய்ப் போன காலை. செதிலும் இல்லை, தடிப்பும் இல்லை, மஞ்சள் நிறம் வேறு. படை என்று நினைத்து அதற்கு ஒரு களிம்பு கொடுத்தார். நாலு நாளில் செதில் முன்னைவிடக் கெட்டியாகக் கட்டியது. ஒரு மாதம் கழித்துத் திரும்பப் போனாள், அதே போலத் தேய்த்து உரித்துக்கொண்டு போனாள். அதே களிம்பு. மூன்றாம் தடவையும் அப்படித்தான். நோயைத் தன் கையாலேயே துடைத்துவிட்டு வைத்தியம் கேட்கிறாள் என்று அவளுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. மூன்று மாதம் போய்விட்டது. சுலக்ஷனா வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டாள்.

வந்தவள் கால்களைப் பார்த்தாள். பார்த்த கண்ணை உடனே எடுத்துக்கொண்டாள். ராக்காயி அதைக் கவனித்தாள், கவனிக்காதது போல அரிசி களைந்தாள்.

நாலாம் தடவை மருந்துச்சாலைக்காரரே, "இது எனக்குச் சரிப்பட்டு வரல, நுவரெலியா ஆஸ்பத்திரியில தோல் டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்று துண்டு எழுதிக் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரி. இன்னும் நன்றாகத் தேய்த்துக்கொண்டு போக வேண்டுமே என்று தும்பெல்லாம் எடுத்து வைத்தாள். நல்ல காலம், அன்றைக்கு மண் சரிந்து குழாய் உடைந்து பீலியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. குடிக்க வைத்திருந்த தண்ணீரில் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு, "இந்தக் கோலத்துல எப்பிடிப் போறது" என்று தயங்கி நின்றவளைச் சுலக்ஷனாதான் அதட்டிப் பஸ் ஏற்றிவிட்டாள்.

டாக்டர் சிங்களப் பெண். பக்கத்தில் நின்ற நர்ஸ் மெரினா தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், அவள்தான் தமிழில் சொன்னாள். ராக்காயி பாவாடையைத் தூக்கவே வெட்கப்பட்டாள். "கழுவிக்கிட்டு வரலங்க, தண்ணி இல்லீங்க" என்று இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டாள். டாக்டர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. கையுறைகூடப் போடாமல் காலைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு வருஷமாக அந்தக் காலை அவளைத் தவிர ஒருவரும் தொட்டதில்லை.

டாக்டர் ஒரு செதிலை மெல்லக் கிளப்பினாள். அடியில் ஊசி குத்தினாற்போலப் புள்ளி புள்ளியாக ரத்தம் துளிர்த்தது. பிறகு முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள், காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிப் பார்த்தாள், விரல் நகங்களில் இருந்த சின்னச் சின்னக் குழிகளைத் தடவிப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரு பெயர் சொன்னாள்.

"சொரியாசிஸ்னு சொல்றது இது," என்றாள் மெரினா. "படையும் இல்ல, குஷ்டமும் இல்ல, அட்டை விஷமும் இல்ல. ஒடம்புக்குள்ளயே வர்றது. ஒரு மாசத்துல வளர வேண்டிய தோலு ஒங்களுக்கு நாலஞ்சு நாளுல வளந்து குமிஞ்சிருது."

ராக்காயி கேட்டது ஒரே ஒரு கேள்வி. "புள்ளைக்கு ஒட்டுங்களா?"

"யாருக்குமே ஒட்டாதுங்க. ஒண்ணாப் படுத்தாலும் ஒட்டாது, ஒரே துணியக் கட்டினாலும் ஒட்டாது. இப்ப டாக்டரே வெறுங்கையால தொட்டாங்கதானே?"

ராக்காயி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். டாக்டர் அழுது முடியட்டும் என்று விட்டாள். பிறகு கேட்டுக் கேட்டுச் சவர்க்காரக் கதை, தும்புக் கதை எல்லாம் வெளியே வந்தது. மெரினா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடக் கடவுளே, எங்கம்மாவும் இந்தச் சவக்காரத்தத்தான் காலுல பூசிக்கிட்டு மலைக்குப் போவாங்க. அக்கா, இன்னையோட அத விடுங்க. செதில உரிச்சா, உரிச்ச எடத்துல புதுசா வரும். கொதிக்கத் தண்ணி ஊத்தாதீங்க, அடுப்புல காலக் காட்டாதீங்க. வெதுவெதுன்னு குளிச்சு, தேய்க்காம ஒத்தி எடுத்து, ஈரம் காயிறதுக்கு முந்தியே இந்த வெள்ளைக் கிரீமப் பூசணும். இந்தச் சின்ன டியூப் மருந்து தடிச்ச எடத்துல மட்டும், சொன்ன நாளைக்கு மட்டும். அட்டைக்குப் பழைய பெட்ஷீட்டுல முழங்கால் வரைக்கும் மேசு தைச்சுப் போட்டுக்கங்க."

"எத்தன நாளுல போயிருங்க?"

மெரினா டாக்டரைக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "அடியோட போறதில்லக்கா. அடங்கியிருக்கும், திரும்ப எட்டிப் பாக்கும். அதுலயும் காலுல அடங்க ரொம்ப நாளாகும். ரெண்டு மூணு மாசம் வைங்க."

பிள்ளை வர ஆறு கிழமை, ஒன்றரை மாதம்தான் இருந்தது.

அந்த ஆறு கிழமையும் அவள் காலைப் பார்த்துக்கொண்டது போல எந்தச் சாமியையும் பார்த்துக்கொண்டதில்லை. வெள்ளை வேட்டித் துணியில் காலுறை போல மேசு தைத்துப் போட்டுக்கொண்டு மலையில் நின்றபோது, "என்னக்கா, பந்து வெளையாடப் போறீங்களா?" என்று மாயாண்டி கங்காணி கேட்டார், பெண்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அரிக்கும்போது சொறியாமல் பாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாலாம் கிழமை வலது கால் தெளிந்தது. செதில் நின்று, சிவப்பு மங்கி, பழைய தோல் எட்டிப் பார்த்தது. இடது காலில் இரண்டு இடம் மட்டும் பிடிவாதமாக நின்றது.

டாக்டர் சொன்னதைச் சுலக்ஷனாவிடம் ஒரு சொல் விடாமல் சொன்னாள். "தெரியும் பெரியம்மா, நானும் போன்ல பாத்தேன், ஒட்டாதுன்னுதான் போட்டிருக்கு" என்றாள் அவளும். மெரினாவிடமும் போனில் பேசினாள். எல்லாம் தெளிவாக இருந்தது.

பெண் பிள்ளை. டிக்கோயா ஆஸ்பத்திரியில் பிறந்தது. கொண்டுவந்து தொப்புள்கொடி விழும் வரைக்கும் ஈரத்துணியால் துடைத்தார்கள். விழுந்த மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வெயில் வந்திருந்தது. ராக்காயி விடிந்ததிலிருந்து ஓரிடத்தில் இருக்கவில்லை. எண்ணெயைச் சுடவைத்தாள், தண்ணீரை விளாவி மூன்று தடவை முழங்கையால் பார்த்தாள். குசினிக்குள் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். பாவாடையை ஏற்றிக் கட்டினாள். மற்றவர் பார்க்கக் கால்களை வெளியே எடுத்து எத்தனை நாள்! கூச்சமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. "கொண்டாம்மா" என்று கூப்பிட்டாள்.

சுலக்ஷனா பிள்ளையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு வந்தாள். இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு இருந்தது. கொழுந்துக்குப் போகிறவர்கள் மழைக்கு இடுப்பில் கட்டுவார்களே, அதுதான். புதியது, மடிப்புக் கலையாதது. எப்போதோ வாங்கி வைத்திருக்கிறாள். அதை உதறி ராக்காயியின் கால்களின் மேல் விரித்தாள், ஓரங்களை இரண்டு பக்கமும் நன்றாகச் செருகிவிட்டாள்.

"தண்ணி பட்டா ஒங்களுக்கு எரியுமேன்னுதான் பெரியம்மா," என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

ராக்காயி கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினாள். எண்ணெய் தடவி, தலையைப் பாதங்களுக்கிடையில் வைத்து, முதுகைக் கிடத்தினாள். கிடத்தின மாத்திரத்தில் பிள்ளை ஒரு பக்கமாக வழுக்கியது. பிடித்துக்கொண்டாள். திரும்பக் கிடத்தினாள், திரும்ப வழுக்கியது. பிள்ளை வீரிட்டது. அத்தனை பிள்ளைகளைப் போட்ட கால்களுக்கு, இந்தப் பிள்ளையின் சூடும் தெரியவில்லை, துடிப்பும் தெரியவில்லை. பிளாஸ்டிக்கின் குளிர்ச்சி மட்டும்தான் தெரிந்தது.

"வழுக்குதும்மா," என்றாள்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். விரிப்பை உருவி எடுத்துவிட்டால் வழுக்காது. அது இரண்டு பேருக்கும் தெரியும். அவளே ஒரு கையால் இழுத்துப் போட்டிருக்கலாம், போடவில்லை. அதைச் சுலக்ஷனா செய்ய வேண்டும் என்று இருந்தது. பிள்ளை கத்திக்கொண்டே இருந்தது. சுலக்ஷனா விரிப்பைப் பார்த்தாள், பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"நான் பேசின் எடுத்துக்கிட்டு வாறேன்."

அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. தாயானவள் பயந்தாள். தெரிந்த விஷயம் பயத்துக்கு முன்னால் நிற்கவில்லை. எட்டு மாதம் வரைக்கும் அதே கால்களில் கிடந்து, கொழுகொழுவென்று ஒரு சிரங்குகூட இல்லாமல் வளர்ந்தவள்தான் பயந்தாள்.

ராக்காயி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். ஏற்றிக் கட்டிய பாவாடையைக் கணுக்கால் வரைக்கும் இறக்கிவிட்டாள். பேசின் வந்தது. தண்ணீரை ஊற்றி, சூடு பார்த்து, பிள்ளையைப் பேசினுக்குள் இறக்கி, அதன் தலையைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாள். சுலக்ஷனா பக்கத்தில் குந்தித் தண்ணீரை மொண்டு ஊற்றினாள். கையில் செதில் ஒன்றும் இல்லை என்பதால், கையை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.